முதுகு காட்டாதவர்

மாசி கழிந்து பங்குனி பிறக்கும் நாள்களில் திருச்செங்கோட்டுச் சமவெளிக்கு நோன்பிருப்பவரின் முகம் வந்துவிடும். விடியலில் பனி இறங்கும். மார்கழிப் பனியின் வீறு அதில் இராது. வெயில் ஏறும், சித்திரை வெயிலின் சினம் அதற்கு இன்னும் வந்திராது. வேம்பு தன் பழைய இலைகளை ஒவ்வொன்றாக உதிர்த்துவிட்டு, தளிர் வரும் நாளுக்காக வெறுங்கிளையோடு நிற்கும். மரவள்ளி பிடுங்கிய காடுகள் செம்மண் புரண்டு கிடக்கும். கரட்டோரத்துக் கிணறுகளில் தண்ணீர் நாளுக்கு ஒரு படி கீழிறங்கும். இவற்றுக்கெல்லாம் நடுவில், காலையில் செம்மையும் நண்பகலில் நீற்றின் நிறமுமாகச் செங்கோட்டு மலை அசையாது வீற்றிருக்கும். போனதற்கு அழுகையும் இல்லை, வருவதற்கு ஆரவாரமும் இல்லை. பொறுத்திரு என்பதே அந்தப் பருவம் உயிர்களுக்குச் சொல்லும் ஒரே சொல்.

பொறுத்திருப்பது அத்தாயிக்குப் புதிதன்று. லாரி ஓட்டுநருக்கு வாழ்க்கைப்பட்டு முப்பது ஆண்டுகள், போனவர் எப்போது வருவார் என்று வாசலைப் பார்த்தே கழித்தவள் அவள். இப்போது அவர் எங்கும் போகவில்லை. நாமக்கல் சாலையில் இருந்த ஒரு மருத்துவமனையின் இரண்டாம் மாடியில், ஆண்கள் வார்டின் பதினோராம் கட்டிலில், அவள் கண்ணெதிரே கிடந்தார். இருபத்து மூன்று நாள்கள் ஆகியிருந்தன.

சென்றாயனுக்கு ஐம்பத்து நான்கு வயது. கோழித் தீவனம் ஏற்றிய லாரியின் மேல் நின்று தார்ப்பாய் இழுத்துக் கட்டுகையில் கயிறு அறுந்து, மல்லாக்கத் தரையில் விழுந்தவர். முதுகெலும்பில் அறுவை செய்து கம்பி வைத்துவிட்டார்கள். ஆனால் இடுப்புக்குக் கீழே உணர்வு திரும்பவில்லை. ஈ உட்கார்ந்தாலும் தெரியாது, தீப்பட்டாலும் தெரியாது. மேற்பாதியோ பழைய சென்றாயனாகவே இருந்தது. ஸ்டீயரிங் பிடித்து உரமேறிய கைகள், கட்டிலின் பக்கக் கம்பியைப் பிடித்தால் கம்பிதான் முனகும்.

மருத்துவர் குணசீலன் எதையும் மறைக்காமல் சொல்லுகிறவர். கால்கள் மீளும் என்று தாம் வாக்குக் கொடுக்க முடியாது என்றார். ஆனால் வேலூர்ப் பக்கத்தில் மறுவாழ்வு மையம் ஒன்று உண்டு. எழுந்து உட்காரவும், கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்குத் தாமே மாறவும், குளிக்கவும், தெருவிறங்கிப் போகவும் அங்கே மூன்று மாதத்தில் பழக்கிவிடுவார்கள். பங்குனி பதினைந்தாம் நாள் அங்கே ஓர் இடம் ஒழிகிறது. அதைச் சென்றாயனுக்கென்று அவர் கேட்டு வைத்திருக்கிறார். விதி ஒன்றே ஒன்று: உடம்பில் படுக்கைப்புண் இருக்கலாகாது. தோல் உடைந்தவர்களை அவர்கள் ஏற்பதில்லை. புண் ஆறிய பிறகு வா என்பார்கள். உணர்வற்ற உடம்பில் அந்தப் புண் ஆற மாதக் கணக்காகும். அதற்குள் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும்.

பதினைந்துக்கு இன்னும் பத்து நாள் இருக்கையில்தான், காலையில் உடம்பு துடைத்துவிடும்போது, அவருடைய முதுகின் அடியில், வால் எலும்பின் மேலே, நாவற்பழம் அளவுக்குச் சிவந்திருந்ததை அத்தாயி கண்டாள். அவள் கூப்பிட, பிரின்சி வந்தாள். சேலத்துக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். அந்த வார்டின் செவிலி. அவள் சிவப்பின்மேல் விரலை அழுத்தி எடுத்தாள். அழுத்தி எடுத்தால் தோல் ஒரு கணம் வெளுத்துப் பிறகு சிவக்க வேண்டும், அது வெளுக்கவில்லை. பிரின்சி மருத்துவரை அழைத்து வந்தாள். அவரும் அழுத்திப் பார்த்தார். தோல் இன்னும் உடையவில்லை, ஆனால் உடையும் வழியில் இருக்கிறது, இந்த இடத்தின்மேல் இனிப் பாரம் ஏறவே கூடாது என்றார்.

மார்பில் பட்ட புண்ணை அணியென்றும், முதுகில் பட்ட புண்ணைப் பழியென்றும் எண்ணி வாழ்ந்த முன்னோரின் நிலம் இது. பகைவனுக்கு முதுகு காட்டாத ஒருவருக்கு, படுத்த படுக்கையே பகையாகி, முதுகில் புண் வருவதா என்று அத்தாயிக்கு நெஞ்சு கொதித்தது. அதிலும் கொதிப்பு, தன் கையை மீறி வந்ததே என்பதில்தான். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரை இடமும் வலமுமாக ஒருக்களித்துப் போடச் சொல்லியிருந்தார்கள். வார்டு உதவியாளர் ஒரு பக்கம், இவள் ஒரு பக்கம் நின்று, உடம்பை ஒரே பலகைபோலப் புரட்டி, முதுகுக்கு ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை வைத்து அண்டை கொடுப்பாள். ஒரு முறையும் அவள் தவறியதில்லை. கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய தாளில், இடம், வலம், இடம், வலம் என்று இருபத்து மூன்று நாளும் வரிசை பிசகாமல் குறி விழுந்திருந்தது.

அன்று பிற்பகல் பிரின்சி ஒரு சிறு வில்லையைக் கொண்டுவந்தாள். கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரியது, வெண்மையானது, காகிதம்போல் இலேசானது. அந்த வாரந்தான் மருத்துவமனைக்கு வந்திருந்த உணரி. அதைச் சென்றாயனின் காறை எலும்புக்குக் கீழே, மார்பில் ஒட்டினாள். அவர் எந்தப் பக்கம் படுத்திருக்கிறார், எவ்வளவு நேரமாகப் படுத்திருக்கிறார் என்பதை அது நொடிக்கு நொடி அறிந்து, செவிலியர் மேசையில் இருந்த டேப் என்னும் தொடுதிரைக் கணினிக்குச் சொல்லிவிடும். பக்கம் மாறிப் போதிய நேரம் கிடந்தால் அவருடைய கட்டில் எண் பச்சையில் இருக்கும், மாற்றும் வேளை நெருங்கினால் மஞ்சளாகும், தவறினால் சிவக்கும். சும்மா அசைந்து கொடுத்துவிட்டு ஏமாற்ற முடியாது. நன்றாகச் சாய்ந்து, கால்மணி நேரமாவது அப்படியே கிடந்தால்தான் திரும்பியதாக அது ஒப்புக்கொள்ளும்.

"என்ன சிஸ்டரு, வண்டிக்கு ஜி.பி.எஸ். மாட்டற மாதிரி எனக்கும் மாட்டீட்டீங்க. எங்கீங்க ஓடிரப் போறேன்?" என்றார் சென்றாயன்.

பக்கத்துப் பத்தாம் கட்டிலில் ராயப்பன் என்ற பெரியவர் இடுப்பு எலும்பு முறிந்து கிடந்தார். அயோத்தியாப்பட்டணத்துக் கொத்தனார், மகளைப் பார்க்க வந்த இடத்தில் படியில் வழுக்கியவர். முதலாளிகள் வண்டிக்குத்தான் மாட்டுவார்கள், ஓட்டுநருக்கே மாட்டியது இதுதான் முதல் முறை என்று அவர் சிரித்தார்.

மறுநாள் நண்பகலில் பதினொன்று என்ற எண் சிவந்தது. மாலையில் பச்சையாயிற்று. இரவு உணவு வேளையில் மீண்டும் சிவந்தது. அதற்கு மறுநாளும் அப்படியே.

பிரின்சி முதலில் மென்மையாகத்தான் கேட்டாள். அம்மாவுக்கு அலுப்பாக இருக்கிறதா, இடையில் ஒரு வேளை தூங்கிவிட்டீர்களா, அப்படியானால் சொல்லலாம், நானே வந்து திருப்புகிறேன் என்றாள். அத்தாயிக்கு முகம் சிவந்தது. கால்மாட்டுத் தாளை எடுத்து அவள் முன்னே நீட்டினாள்.

"இத்தன நாளு எம் பேச்ச நம்புனீங்க. இன்னைக்கு அந்த வில்ல ஒன்னு சொன்னதும் நான் பொய்க்காரி ஆயிட்டனுங்களா சிஸ்டர்?"

பிரின்சி தாளை வாங்கிப் பார்த்துவிட்டுப் போனாள். அத்தாயி கணவரின் தலைமாட்டில் வந்து அமர்ந்தாள். அவர் மல்லாந்து கிடந்தார். சற்றுமுன் வலப்பக்கம் திருப்பிவிட்டுத்தான் துணி அலசப் போயிருந்தாள். கேட்டால், பெரிய டாக்டர் வந்து வயிற்றைப் பார்த்துவிட்டு நேராகப் போட்டுவிட்டுப் போனார் என்றார். முந்தின நாள் கேட்டபோது, கழுத்து வலித்ததென்று உதவியாளரை அழைத்து நேராக்கிக்கொண்டேன் என்றார். அதற்கு முந்தின நாள் எக்ஸ்ரே பார்க்க வந்தவர்கள். நோயாளியைச் சுற்றி ஆள் வருவதும் போவதும் இயல்புதானே என்று அவளும் ஒவ்வொரு முறையும் நம்பியிருந்தாள். முப்பது ஆண்டில் அவர் அவளிடம் பொய் சொன்னதாக நினைவில்லை.

அடுத்த நாள் காலையில் பிரின்சி டேப்பையே கையில் எடுத்துக்கொண்டு வந்தாள். முகத்தில் கோபம் இல்லை. வழிதேடிக் கண்டவரின் ஒளி இருந்தது. அத்தாயியை நடைவழிக்கு அழைத்துச் சென்று, திரையில் மலையும் பள்ளமுமாக ஓடிய ஒரு கோட்டைக் காட்டினாள். கோடு மேலேறி நின்றால் இடப்பக்கம், கீழிறங்கி நின்றால் வலப்பக்கம், நடுவில் ஓடினால் மல்லாந்த நிலை.

"இங்க பாருங்கம்மா. பத்து மணிக்குத் திருப்பியிருக்கீங்க. இடது பக்கம் ரெண்டு மணி நேரம் அசையாம இருக்காரு. பன்னெண்டு மணிக்கு வலது பக்கம் திருப்பியிருக்கீங்க. நிமிசம்கூட தப்பல. ஆனா பத்தே நிமிசத்துல கோடு நடுவுக்கு வந்துருது. ரெண்டு மணிக்கு மறுபடி இடது, நிக்குது. நாலு மணிக்கு வலது, நிக்கல. மூணு நாளும் இதே கதை. நீங்க ஒரு தடவைகூட தவறலம்மா. நான்தான் தப்பாக் கேட்டுட்டேன்."

கண்ணில் நீர் திரண்டுவிட்டது அத்தாயிக்கு. யாரோ கூண்டில் ஏற்றி, அதே ஆள் கையைப் பிடித்து இறக்கிவிட்டதுபோல் இருந்தது. தாளில் போட்ட குறியை யாரும் போட்டிருக்கலாம்; இந்த வில்லை அவள் செய்ததைச் செய்த நேரத்தோடு சாட்சி சொல்லிவிட்டது. மூச்சு ஆறியபின்தான் அடுத்த எண்ணம் வந்து நெஞ்சில் உட்கார்ந்தது. அவள் திருப்பினாள், அவர் திரும்பிக் கிடக்கவில்லை. அதுவும் வலப்பக்கம் மட்டும். ஏன்?

பன்னிரண்டு மணிக்கு வழக்கம்போல் வலப்பக்கம் திருப்பி, தலையணைகளை அண்டைகொடுத்து, சாப்பாட்டு கேரியரை எடுத்துக்கொண்டு கீழே போவதாகச் சொல்லிப் புறப்பட்டாள் அத்தாயி. படிக்கட்டுவரை போய்த் திரும்பி, வார்டு வாயிலில் தொங்கிய பச்சைத் திரையின் ஓரத்தில் நின்றாள்.

சென்றாயன் சிறிது நேரம் அசையாமல் கிடந்தார். பிறகு இடக்கையைப் பின்னால் நீட்டி, முதுகுக்கு அண்டையாக இருந்த தலையணையை மெல்ல உருவினார். வலக்கையால் கட்டில் கம்பியைத் தள்ளி, மேலுடம்பைத் திருகி மல்லாந்தார். உருவிய தலையணையைப் போர்வைக்குள் செருகினார். அப்பாடா என்று ஒரு மூச்சு. பின் முகத்தை இடப்புறச் சன்னலுக்குத் திருப்பினார். உதடுகள் அசைந்தன.

சன்னலுக்கு அப்பால், மேற்கே, நண்பகல் வெயிலில் நீறு பூத்துக் கிடந்தது மலை.

அத்தாயிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவர் வாய் திறக்க வேண்டியதே இல்லை. திருச்செங்கோட்டு லாரிப் பட்டறைகளில் அவருக்கு 'ரிவர்ஸ் சென்றாயன்' என்று பெயர். அவர்கள் ஊர்த் தெரு கிழக்கே போய்ச் சாலையில் சேரும். சரக்கேற்றி நடைக்குப் புறப்படுகிற நாளில் மற்ற ஓட்டுநர்கள் வண்டியைத் திருப்பி நிறுத்தி, எலுமிச்சம்பழம் நசுக்கிப் போய்விடுவார்கள். சென்றாயனோ வண்டியின் முகத்தை மலைக்கு நேராக வைத்து, தெரு முழுவதையும் பின்னோக்கியே ஓட்டி வருவார். சந்நிதியில் வணங்கியவன் சாமிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெளியே வருவானா, பின்னடி வைத்துத்தானே வருவான். வண்டிக்கும் அதே முறைதான் என்பார். சாலை முக்கில் ஒரு கும்பிடு போட்ட பின்புதான் ஸ்டீயரிங் திரும்பும். கிளீனர்கள் இறங்கி ஓடி, கோழியையும் ஆட்டையும் விரட்டி வழிவிடச் சொல்ல வேண்டும். ஊரே சிரிக்கும். அவர் மாற்றிக்கொண்டதில்லை.

வலப்பக்கம் ஒருக்களித்தால் மலைக்கு முதுகு. அதுதான் சங்கதி.

அத்தாயி திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். அவர் பார்த்தார், பிடிபட்ட பிள்ளையைப்போல் கண்ணைத் தாழ்த்தினார். பத்தாம் கட்டில் ராயப்பன் முந்திக்கொண்டார்.

"நானே கேக்கணும்னு இருந்தேன்மா. தினமும் இந்தப் பக்கம் திருப்பி உடுறீங்க. நீங்க அங்க போனதும் அவரு அந்தப் பக்கம் பொரண்டுக்குறாரு. என் மூஞ்சியப் பாக்கப் புடிக்கல போலன்னு நெனைச்சிட்டேன்."

"அய்யய்ய, அப்படியில்லீங்க" என்று பதறினார் சென்றாயன். சொல்லச் சொல்ல, காரணம் வெளியே வந்தது. செவிலியர் சிரிப்பார்கள் என்று சொல்லவில்லையாம். கால்தான் போயிற்று, இனி மரியாதையும் போக வேண்டுமா என்று இருந்ததாம்.

பேச்சுக் கேட்டு வந்து நின்ற பிரின்சி சிரிக்கவில்லை. கட்டிலைத் திருப்பிப் போடலாமா என்று சுவரைப் பார்த்தாள். ஆக்சிஜன் குழாயும் மின்செருகியும் தெற்குச் சுவரில் பதிந்திருந்தன; தலைமாட்டை மாற்றினால் தலை வடக்கே போகும், அதைச் சென்றாயனும் அத்தாயியும் ஒப்பமாட்டார்கள்; அப்போதும் ஒரு பக்கம் மலைக்கு முதுகுதான். சன்னல் திரையை இழுத்து மூடிவிடட்டுமா என்று கேட்டாள்.

"தெர போட்டா மல எந்திரிச்சுப் போயிருமுங்களா சிஸ்டர்?" என்றார் அவர், மிகவும் பணிவாக.

மருத்துவர் குணசீலன் வந்து சற்றுக் கடிந்தே பேசினார். தானாகத் திருகிப் புரள்வது முதுகுக் கம்பிக்கும் கேடு என்றார். இன்னும் இரண்டு நாள் இப்படியே போனால் தோல் உடையும், உடைந்தால் வேலூரை மறந்துவிட வேண்டியதுதான் என்றார். சென்றாயன் சரிங்க, சரிங்க என்று தலையசைத்தார். நான்கு மணிக்கு வலப்பக்கம் கிடத்தினார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். நெற்றியில் வேர்த்தது. இருபதாம் நிமிடத்தில் கை தானாகப் பின்னால் போயிற்று.

அத்தாயி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். சாமியே மேற்கு நோக்கித்தானே நிற்கிறது என்றாள். நாம் இருப்பது கிழக்கே. மலைமேல் நிற்பவர் இருபத்தாறு நாளாக நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிற்கிறார். அதனால் நம்மை மறந்துவிட்டார் என்று ஆகுமா? சென்றாயன் யோசித்தார்.

"சாமி காட்டலாம் புள்ள. நாம காட்டலாமா?"

அந்த மனிதரின் பக்தியில் பிழையில்லை. பிழையில்லாத ஒன்றே அவரைத் தின்றுகொண்டிருந்தது. இன்னும் ஏழு நாள். உதவியாளரைத் துணைக்கு வைத்துவிட்டு, அலசிய துணிகளை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனாள்.

மாடியில் வெயில் சாய்ந்திருந்தது. மலை இங்கே மறைப்பின்றித் தெரிந்தது. திங்கள்தோறும் மலைமேல் கூடிப் பதிகம் பாடும் பெண்களில் அத்தாயியும் ஒருத்தி. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவளானாலும் நூறு பதிகம் ஏடு பாராமல் சொல்லுவாள். கையில் வேலை இருந்தால் வாயில் பாட்டு இருக்கும். துணியை உதறி உதறிக் கொடியில் போட்டபோது, பழகிய பாட்டு தானாக எழுந்தது. ஒரு செவியில் தோடு, ஒரு செவியில் குழை. ஒரு காலில் சிலம்பு, ஒரு காலில் கழல். ஒரு பாதி பச்சை, ஒரு பாதி பவளம். ஒரே உடம்பில் அம்மையும் அப்பனுமாக அந்த மலைமேல் நிற்கும் வடிவத்தைச் சொல்லுகிற பாட்டு. நூறு முறை, ஆயிரம் முறை பாடியதுதான். அன்று நடுவிலே நின்றது. ஈரத் துண்டு கையில் தொங்க, அவள் மலையைப் பார்த்தபடி நின்றாள். இடப்பாகம் அம்மை. வலப்பாகம் அப்பன்.

துணியை வாளியிலேயே போட்டுவிட்டு அவள் படியிறங்கிய வேகத்தைப் பார்த்து, யாருக்கு என்ன ஆயிற்றோ என்று நடைவழியில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள்.

"ஏனுங்க" என்றாள் மூச்சு வாங்க. "நம்ம மலச் சாமிக்கு எடப்பக்கம் ஆரு?"

"இதென்ன கேள்வி? அம்மா."

"வலப்பக்கம்?"

"அப்பன்."

"நீங்க எடப்பக்கம் ரெண்டு மணி நேரம் பொழுதுக்கும் கெடக்கறீங்க. வலப்பக்கம் கா மணி நேரங்கூடக் கெடக்க மாட்டேங்கறீங்க. இருவத்தாறு நாளா அம்மா பாகத்துக்கு மட்டுந்தானுங்க பூச நடக்குது. அப்பன் பாகம் என்னுங்க பாவம் பண்ணுச்சு?"

சென்றாயன் அவளையே பார்த்தார். ராயப்பன் தம் கட்டிலில் தலையைத் தூக்கினார்.

அவள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். உங்கள் இடப்பாதி படுக்கையில் பட்டால் அது அம்மைக்கு விழுந்து வணங்கியது. வலப்பாதி பட்டால் அது அப்பனுக்கு. முதுகு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதா கணக்கு? பாகம் எது என்பதல்லவா? ஒரு பாதிக்குப் படையல் வைத்து மறுபாதியைப் பட்டினி போட்டால், பிரியாத இருவரைப் பிரித்து வைத்த பாவமல்லவா நம்மைச் சேரும்?

சென்றாயன் மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவருடைய மார்பு குலுங்கியது. அழுகிறார் என்று அத்தாயி அஞ்சினாள். சிரித்துக்கொண்டிருந்தார். விழுந்த நாளிலிருந்து அவர் சிரித்தது அதுவே முதல்.

"முப்பது வருசம் லோடு ஏத்துன ஆளு நானு. ஒரு பக்கமே ஏத்துனா வண்டி சாஞ்சிருமுன்னு கிளீனருக்கெல்லாம் பாடம் சொன்னவன். இத்தன நாளும் ஒரு பக்கமே ஏத்தீட்டுக் கெடந்திருக்கறேன் பாரு." சிரித்து ஓய்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டார். "திருப்பு புள்ள. அப்பன் பக்கம் நெறைய பாக்கி இருக்குது."

அன்று மாலை ஆறு மணிக்கு வலப்பக்கம் திருப்பினார்கள். டேப்பில் கோடு கீழிறங்கிற்று, அங்கேயே நின்றது. கால்மணி கழிந்தது, அரைமணி கழிந்தது. பதினொன்று என்ற எண் பச்சையாகி, பச்சையாகவே இருந்தது. பிரின்சி மேசையிலிருந்து எழுந்து வந்து எட்டிப் பார்த்தாள். சென்றாயன் ராயப்பனின் முகத்தைப் பார்த்தபடி கிடந்தார். இருவரும் ஏற்காட்டு மலைப்பாதையின் கொண்டைஊசி வளைவுகளைப் பற்றி உரத்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு அந்த வார்டில் கடிகாரம் பார்க்கும் வேலை குறைந்தது. டேப் மஞ்சளாவதற்கு முன்பே பதினோராம் கட்டிலிலிருந்து குரல் வரும்: சிஸ்டர், அம்மா பூச முடிஞ்சுதுங்க, அப்பன் பூசைக்கு ஆள் வரச் சொல்லுங்க. பிரின்சியும் அதே வழக்கில் பேசக் கற்றுக்கொண்டாள். வேலை மாற்றிக்கொடுக்கும்போது அடுத்த செவிலியிடம், பதினொன்றில் இப்போது அப்பன் பாகம் நடக்கிறது என்று சொல்லிவிட்டுப் போவாள். மல்லாந்து படுப்பது சாப்பிடும்போது மட்டும் என்றாயிற்று.

அத்தாயி ஒவ்வொரு காலையிலும் அந்தச் சிவப்பைப் பார்த்தாள். முதல் நாள் அப்படியே இருந்தது. இரண்டாம் நாள் ஓரம் சற்று மங்கினாற்போலத் தோன்றியது. ஆசையால் அப்படித் தோன்றுகிறதோ என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. நான்காம் நாள் நாவற்பழம் சுண்டைக்காயாயிற்று. தன் விரலால் அழுத்திப் பார்க்கத் துணிவில்லை. உலை கொதிக்கிறதா என்று மூடியைத் திறக்க அஞ்சுபவளைப்போல், ஈரத்துணியால் சுற்றிலும் துடைத்துவிட்டு நகர்ந்துகொண்டாள்.

பங்குனி பதினான்காம் நாள் காலையில் மருத்துவர் வந்தார். அவரைத் தொடர்ந்து பிரின்சி. இடப்பக்கம் ஒருக்களித்துக் கிடந்த சென்றாயனின் முதுகுத் துணியை விலக்கினார்கள். மருத்துவர் குனிந்தார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மேலும் குனிந்தார். விரலை அழுத்தி எடுத்தார்.

தோல் வெளுத்தது. விரல் பதிந்த இடம் நிலவுபோல் வெள்ளையாக நின்று, பிறகு மெல்ல, கரையில் அலை ஏறுவதுபோல, உயிரின் நிறம் திரும்பி வந்தது.

மருத்துவர் மறுபடியும் அழுத்தினார். மறுபடியும் வெளுத்தது; மறுபடியும் நிறம் வந்தது. "பாத்தீங்களாம்மா?" என்று கேட்டார். அத்தாயி தலையசைத்தாள். இருபத்து மூன்றாம் நாள் விடியலில் தோளில் ஏறி உட்கார்ந்த ஏதோ ஒன்று இறங்கிப் போயிற்று. பக்கத்து முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பிரின்சி அவளுடைய தோளில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்கும் மூக்கு சிவந்திருந்தது. தோல் உடையவில்லை. நாளைக்கு வேலூர். மருத்துவர் மையத்துக்கே தொலைபேசியில் சொன்னார். புண் இல்லை என்ற சொல்லை அவர் இரண்டு முறை அழுத்திச் சொன்னபோது, அத்தாயி அதை ஒரு மந்திரம்போல் கேட்டுக்கொண்டாள்.

"என்னாச்சுன்னு எனக்கும் ஆராச்சும் சொல்லுங்களேன். எம் முதுகு எனக்கே தெரியாதல்லோ" என்றார் சென்றாயன், சன்னலைப் பார்த்தபடி.

மூவரும் ஒரே நேரத்தில் சொல்லத் தொடங்கி, ஒருவர் சொல்லும் விளங்காமல், ராயப்பன்தான் கடைசியில் மொழிபெயர்த்தார்: "சாமி, உம்ம முதுகு பாசாயிருச்சு."

மறுநாள் பத்து மணிக்கு ஆம்புலன்ஸ் வந்து கீழே நின்றது. தாள்கள் கையெழுத்தாகிக்கொண்டிருந்தன. பிரின்சி சென்றாயனின் மார்பிலிருந்த வில்லையை மெல்ல உரித்து எடுத்தாள். ஒட்டியிருந்த இடத்தைப் பஞ்சால் துடைத்துவிட்டாள். பதினோராம் எண் டேப்பில் இப்போது எந்த நிறமும் இல்லாமல் இருந்தது. இனி அவர் எந்தப் பக்கம் கிடக்கிறார் என்று பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

ஸ்ட்ரெச்சர் வரச் சிறிது நேரம் ஆகும் என்றார்கள். சென்றாயன் மனைவியைப் பார்த்தார். அப்பன் பாகத்துக்கு வேளையாகிவிட்டது, திருப்பிவிடு என்றார். போகிற நேரத்தில் எதற்கு என்று உதவியாளர் கேட்க, அத்தாயி மறுபக்கம் போய் நின்றாள். இருவருமாக அவரை வலப்பக்கம் ஒருக்களித்தார்கள். முதுகுக்கு அண்டை கொடுத்தாள் அவள்.

சன்னலுக்கு வெளியே காலை வெயிலில் மலை செம்மையாக நின்றது. சென்றாயனின் முதுகு அதற்கு நேராக இருந்தது. அவர் கண்களை மூடினார். இரண்டு கைகளையும் மார்புக்கு முன்னே கொண்டுவந்து குவித்தார். உதடுகள் ஓசையின்றி அசைந்தன. அத்தாயியும் அப்படியே நின்று, அவர் பார்த்த பக்கமே பார்த்துக் கைகூப்பினாள்.

எதிரே பத்தாம் கட்டிலில் ராயப்பன் அதைக் கண்டார். விடைபெறுகிறார்கள், தம்மைத்தான் வணங்குகிறார்கள் என்று எண்ணி அவர் நெகிழ்ந்துபோனார். காரை பூசிக் காய்த்துப்போன வலக்கையை உயரத் தூக்கினார்.

"நல்லாருங்க சாமி. எந்திரிச்சு உக்காந்து ஊரெல்லாம் பாருங்க. ஆண்டவரு எப்பவும் உங்க முதுகுக்குப் பின்னாடியே நிப்பாரு."